‘இது வாரண்டில வராது சார்’

“சார், ஆறு வருஷப் பழைய பென்ஸ். சிங்கிள் ஓனர். பதினெட்டு லட்சத்துக்கு வருது, எடுக்கலாமா?”

மாதத்துக்கு ஒருவராவது இப்படி போன் செய்துவிடுகிறார்கள். மந்தைவெளியில் ஒரு ஜெர்மன் செடானை வருஷக்கணக்கில் கட்டி மேய்க்கிறவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு ஏதோ டாக்டர் பட்டம் இருப்பதாக நினைப்பு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வண்டி விலை இறங்கிவிட்டது, சரி. ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கியிருக்கிறதா? அறுபது லட்சத்துக்கு ஷோரூமை விட்டு வந்த வண்டிக்கு ஒரு பக்க எல்இடி ஹெட்லைட் அன்றைக்கும் லட்சத்தைத் தாண்டும், இன்றைக்கும் தாண்டும். வண்டி கைமாறியது ஹெட்லைட் கம்பெனிக்குத் தெரியவும் தெரியாது, அக்கறையும் கிடையாது.

புது வண்டி எடுக்கிறவர்கள் வேறு ரகம். “எனக்கென்ன, வாரண்டி இருக்கு” என்று நிம்மதியாக இருப்பார்கள். பிஎம்டபிள்யூ என்றால் இங்கே வழக்கமாக 2 வருஷம், மெர்சிடிஸ் என்றால் 3 வருஷம், கிலோமீட்டர் கணக்கே கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு தி.நகரில் கடையோ ஆபீஸோ வைத்திருக்கிறவர் வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலே பெரிய விஷயம். கணக்கில்லாத கிலோமீட்டரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது வருஷம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாரண்டி தாளில் எழுதியிருப்பது தயாரிப்புக் குறை. பாகத்தில் கோளாறு, பொருத்தியதில் கோளாறு, அவ்வளவுதான். தென்சென்னையில் வண்டியைப் படுக்கவைக்கிற சமாச்சாரங்களோ மெட்ரோவுக்குத் தோண்டிய ரோடு, எலி, டிசம்பர் தண்ணீர், நாலு கிலோமீட்டரில் முடிந்துபோகிற ஓட்டம். நான்கிலும் ஜெர்மன் இன்ஜினியர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே சர்வீஸ் சென்டரில் நடக்கிற வாக்குவாதமெல்லாம் ரிப்பேர் பற்றியதே அல்ல. காரணம் யார் என்பதுதான் சண்டை. அந்தச் சண்டையில் ஜெயிப்பதும் தோற்பதும் ஜாப் கார்டு என்கிற ஒற்றைத் தாளில் இருக்கிறது என்பது என் கட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

“நம்மூர்லயே செய்யற வண்டிதானே, பார்ட்ஸுக்கு என்ன பஞ்சம்?” என்று கேட்பவர்களும் உண்டு. வாஸ்தவம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 மார்ச்சிலிருந்து பிஎம்டபிள்யூ ஆலை ஓடுகிறது. 2015-ல் சச்சின் டெண்டுல்கர் வந்து ஸ்பேனர் பிடித்து ஒரு வண்டியைக் கோத்துக் காட்டினார், நினைவிருக்கும். உள்ளூர்ப் பாகங்களைப் பாதியளவுக்கு உயர்த்திவிட்டோம் என்று சொல்லத்தான் அந்த விழா. சீட், கதவு பேனல், ஏசி, சைலன்சர், ஆக்ஸில் இந்த வகையறா உள்ளூர். வாரண்டி காலத்திலும் அதற்குப் பிறகும் கழுத்தை அறுக்கிறவை சென்சாரும் கன்ட்ரோல் மாட்யூலும். அவை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். “பார்ட் ஆர்டர் போட்டாச்சு சார், பேக் ஆர்டர்ல இருக்கு” என்று சொல்லிவிட்டால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஓரமாக நிற்கும், நீங்கள் ஓலாவில் போவீர்கள்.

சென்னையில் சொகுசுக் கார் செய்து பார்த்ததில் பிஎம்டபிள்யூ முதல் ஆளும் அல்ல. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை இறக்கியது. பிரிட்டிஷ் ரோவர் எஸ்டி1-இன் அழகான உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். பார்க்க ராஜா, ஏறினால் அம்பாஸடர் மாதிரி முனகும். 1988-ல் உற்பத்தி நின்றது, பிறகு ஆலையே மூடிக்கொண்டது. கடைசியில் ஆலையில் தங்கிப்போன உதிரிபாகங்களை இங்கிலாந்தில் ரோவர் அபிமானிகளுக்குப் பாகம் விற்கிற ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டு போனார். இங்கே வண்டியை வைத்திருந்தவர்கள் பழைய பாகம் விற்கிற புதுப்பேட்டையை நம்பி நின்றார்கள்.

டீசல் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். இப்போதைய டீசல் வண்டியின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் அதைச் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சுமார் 600 டிகிரி சூடு, அதோடு கால் மணியாவது ஒரே சீரான ஓட்டம். கச்சேரி ரோட்டிலிருந்து பனகல் பார்க் போகிறவருக்கு இந்த ஜன்மத்தில் அது கிடைக்குமா? வண்டி எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் சரவணா ஸ்டோர்ஸ் முன்னால் இன்ஜினை அணைப்பீர்கள். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பீர்கள். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் மெல்ல இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைய வேண்டியது போக, ஏறும். ஒருநாள் மஞ்சள் விளக்கு.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு “டிரைவிங் பேட்டர்ன் சார்” என்பார்கள். அதாவது குற்றம் வண்டியில் இல்லை, உங்கள் வாழ்க்கை முறையில். வடிகட்டியை மாற்றினால் லட்சக்கணக்கில் பில். எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. வண்டி விற்ற அன்று வீடு எங்கே, ஆபீஸ் எங்கே, தினம் எவ்வளவு ஓடும் என்றெல்லாம் படிவத்தில் எழுதிக்கொண்டார்களே, அப்போது “சார், உங்களுக்கு பெட்ரோல்தான் சரிப்படும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? டீசலில் தள்ளுபடி அதிகம் என்று இழுத்துவிட்டார்கள்.

அடையாறில் டீசல் வைத்திருக்கிறவர்கள் இதற்கு ஒரு வைத்தியம் பழகியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆரில் கோவளமோ மகாபலிபுரமோ வரை ஒரே சீராக ஒரு ஓட்டம். வண்டிக்கும் மூச்சு விட்ட மாதிரி, திரும்பும்போது நமக்கும் ஒரு ஃபில்டர் காபி. மனைவியிடம் “டிபிஎஃப் கிளீன் பண்ணப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு இன்னொரு தலைவலி சேர்ந்தது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க ஆட்புளூ என்கிற திரவம், அது வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிற நாக்ஸ் சென்சார். சென்சார் மக்கர் செய்தால் டாஷ்போர்டில் கவுன்டவுன் ஓட ஆரம்பிக்கும். இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜினை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று வண்டியே மிரட்டும். இது மட்டும் வாரண்டிக்குள் வந்தால் பெரும்பாலும் சண்டை இல்லாமல் மாற்றிக் கொடுக்கிறார்கள். வாரண்டி முடிந்த மறுமாதம் வந்தால் உங்கள் ஜாதகம்.

மெட்ரோவுக்கு வருவோம். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கிற திருமயிலை ஸ்டேஷனுக்காக லஸ்ஸையும் ராமகிருஷ்ண மடம் சாலையையும் என்ன பாடுபடுத்தினார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த மேடு பள்ளத்தில் லோ புரொஃபைல் டயரோடு போகிற செடான் வாங்குகிற அடி கொஞ்சநஞ்சமல்ல. பல ஜெர்மன் வண்டிகளில் ரன்ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது அதன் பெருமை. அதற்காகப் பக்கச்சுவரைக் கல் மாதிரி செய்திருப்பார்கள். குழியில் இறங்கினால் அதிர்ச்சியை டயர் வாங்காது, அலாய் வளையும், இல்லையென்றால் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவு புடைப்பு வரும்.

புடைத்த டயர் கார் வாரண்டியில் கிடையாது. டயருக்கு டயர் கம்பெனியின் வாரண்டி தனி, அதில் ‘இம்பேக்ட் டேமேஜ்’ கிடையாது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால், சாதாரண பாலிசியில் டயர் மட்டும் அடிபட்டால் பைசா பெயராது. அதே விபத்தில் வண்டியும் அடிபட்டிருக்க வேண்டும், அப்போதும் டயர் விலையில் பாதிதான். தனியாக டயர் கவர் என்று ஒரு ஆட்-ஆன் விற்கிறார்கள். வழக்கமாக ஆட்-ஆன்களைக் கண்டால் ஓடுகிறவன் நான், தோண்டிய ரோட்டில் தினம் போகிறவருக்கு இதை மட்டும் எடுக்கச் சொல்வேன்.

அடுத்து எலி.

எங்கள் ஃபிளாட் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு காலை பானட்டைத் திறந்தால், இன்ஜின் கவர் மேல் பாதி தேங்காய்ச் சில்லு, கொஞ்சம் சுண்டல், மேலே ஒட்டியிருந்த சத்தம் அடக்குகிற பஞ்சு பிய்த்து மெத்தை போட்டது மாதிரி. கோயில் பக்கத்தில் குடியிருக்கிற எலிக்குப் பிரசாதத்துக்குக் குறைவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளையார் வாகனம் சார், திட்டாதீங்க. ஒயரை மட்டும் பாருங்க” என்றார். பார்த்தோம். ஆக்ஸிஜன் சென்சாருக்குப் போகிற ஒயர் பாதி கடிபட்டு செம்பு தெரிந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாதாரண வண்டியில் கடிபட்ட ஒயரை ஒட்டு வைத்து டேப் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வண்டிகளில் சர்வீஸ் சென்டர் ஒட்டு வேலை செய்ய மாட்டேன் என்று அடம் பிடிக்கும், ஹார்னஸ் என்கிற ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போடும். வாரண்டி காலத்தில் நீங்களாக வெளியில் ஒட்டு வைத்தால், நாளைக்கு அந்தப் பக்கம் எந்த மாட்யூல் போனாலும் “வெளியில கை வச்சிருக்காங்க சார்” என்று கையை விரிக்க அது போதும். ஆகவே வாரண்டி இருக்கும் வரை எலிக்கடியை இன்ஷூரன்ஸில் போட்டு சர்வீஸ் சென்டரிலேயே முடிப்பது நல்லது. சர்வேயர் வருவதற்கு முன்னால் எதையும் துடைக்காதீர்கள், அந்தச் சுண்டலும் சாட்சிதான். வாரண்டி முடிந்த பிறகு? நல்ல எலெக்ட்ரீஷியன், நல்ல சால்டரிங், தீர்ந்தது.

தண்ணீர் விஷயம் பெரிது. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை பேஸ்மென்ட்களில் எத்தனை வண்டிகள் கூரை வரை மூழ்கின என்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி நினைவூட்டியது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ராத்திரியில் தமிழ்நாட்டிலேயே புத்திசாலித்தனமான பார்க்கிங் அதுதான்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் நடப்பது இது. காற்று போகிற பாதை வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வருகிற பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் காலி. வாரண்டி இதைத் திரும்பியும் பார்க்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, வெள்ளத்தில் நனைந்ததற்குத்தான் கொடுப்போம், நனைந்த பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் கெட்டதற்குக் கொடுக்க மாட்டோம் என்று பிரித்துப் பேசும். இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் இந்த இடத்துக்காகத்தான். அதிலும் ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்குத் தரப் பல கம்பெனிகள் யோசிக்கும்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போகாவிட்டாலும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இந்த செடான்களில் சிலவற்றுக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மாட்யூல்கள் சீட்டுக்கடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, டிக்கிப் பக்கவாட்டில். முழங்கால் தண்ணீர் போதும். எஸ்டிமேட் போட்டால், அது வண்டியின் ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்க்கும். தாண்டினால் டோட்டல் லாஸ். பதினெட்டு லட்சம் ஐடிவி உள்ள பழைய வண்டிக்குப் பதின்மூன்றரை லட்சம்தான் அந்தக் கோடு. நாலு மாட்யூல், ஒரு ஹார்னஸ், சீட் செட் என்று எழுதினால் கோடு தாண்டிவிடும். பார்ப்பதற்குப் பளபளவென்று நிற்கிற வண்டி, கணக்கில் செத்துப்போகும்.

செத்த வண்டி ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து யாரோ வாங்கி, காயவைத்து, வாசனை அடித்து, வேறு ஊரில் விற்பார்கள். ஆகவே செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகிறவர்கள் மியூசிக் சிஸ்டத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்காமல், சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கிற கடைசி ஒரு அடியில் செம்மண் கறை கோடு போட்டிருக்கும். அதை யாரும் துவைப்பதில்லை. சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கித் தரையைத் தூக்கினால் பள்ளத்தில் காய்ந்த சேறு, இவையும் உண்டு. சீட் பெல்ட் ஒன்றே போதும் என்பேன்.

சரி, ஜாப் கார்டு.

சர்வீஸ் அட்வைசர்களை வில்லன் ஆக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வாரண்டி வேலைக்கான காசை டீலர் கம்பெனியிடமிருந்து கிளெய்ம் செய்து வாங்க வேண்டும். போட்டோ, ஃபால்ட் கோடு, கழற்றிய பழைய பாகம் எல்லாம் கேட்பார்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் டீலர் கையைக் கடிக்கும். அதனால்தான் அந்தப் பையன் தயங்குகிறான். அவனுக்கு வேண்டியது நம் புலம்பல் அல்ல, அவன் மேலே அனுப்பக்கூடிய ஒரு வாக்கியம்.

முன்பக்கம் ஒரு சத்தம் என்று என் வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டினார்: ‘கஸ்டமர் கம்ப்ளைன்ட் – நாய்ஸ். செக் அண்ட் அட்வைஸ்.’

“தம்பி, அப்படிப் போடாதீங்க. நான் சொல்றதை அப்படியே டைப் பண்ணுங்க.”

“சிஸ்டத்துல இடம் கம்மி சார்.”

“இருக்கிற இடத்துல போடுங்க. காலையில முதல் தடவை எடுக்கும்போது மட்டும். ஸ்டியரிங்கை முழுசா இடது பக்கம் ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்தா, முன் இடது வீல்ல ‘டக்’னு ஒரு சத்தம். சூடானப்புறம் வராது.”

பாவம், டைப் செய்தார். “அப்போ வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போகணுமே சார், காலையில நாங்களே எடுத்துப் பார்க்கணும்” என்றார். அதுதான் எனக்கும் வேண்டும். மறுநாள் காலை அவர்கள் ஆளே எடுத்து, அவர் காதிலேயே சத்தம் விழுந்து, ஸ்ட்ரட் மவுன்ட் என்று கண்டுபிடித்தார்கள். ‘நாய்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால், இன்ஜின் சூடாக இருக்கிற மத்தியானத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’ என்று எழுதித் திருப்பியிருப்பார்கள். பிறகு வாரண்டி முடியும், சத்தம் முடியாது.

அதைவிட முக்கியம், அதே கோளாறுக்கு மறுபடி போனால் ‘முன்பு இந்தத் தேதியில் சொன்ன அதே புகார்’ என்று எழுதச் சொல்வது. வண்டி வெறும் வாட்டர் வாஷோடு திரும்பி வந்தாலும் மூடிய ஜாப் கார்டின் நகலை வாங்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசிய பேச்சையெல்லாம் அன்றைக்கே ஒரு மெயிலில் நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். எங்கள் அப்பா ரேஷன் கார்டு நகலைக்கூட அட்டெஸ்ட் வாங்கி வைத்திருந்தவர், அந்த ரத்தம் எனக்கு இதில் உதவுகிறது.

ஏன் இவ்வளவு தாள் மோகம் என்றால், விஷயம் முற்றினால் போகிற இடம் நுகர்வோர் ஆணையம். அங்கே வண்டி மாற்றித் தா என்று கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஏமாந்து திரும்புகிறார்கள். மாருதி உத்யோக் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாகத்தில் குறை என்றால் வாரண்டிப்படி பாகத்தை மாற்றித் தர வேண்டும், அதற்காக முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது. தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்க வேண்டுமானால் நிபுணர் அறிக்கை வேண்டும், ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அறிக்கை இல்லையென்றால், திரும்பத் திரும்ப அதே புகாரோடு போனதைக் காட்டுகிற ஜாப் கார்டுகள்தான் உங்கள் பக்கம் பேசும்.

எங்கே போடுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலையைப் பார்ப்பார்கள். 2021 டிசம்பரில் மாற்றிய விதிப்படி 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ஆக புது ஜெர்மன் செடான் வாங்கியவர் பெரும்பாலும் நேரே மாநில ஆணையத்துக்கு. பழையது வாங்கியவர் மாவட்டத்துக்கு. கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நல்ல மாற்றம் ஒன்று, கம்பெனி எங்கே இருந்தால் என்ன, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் புகாரைப் பதிந்து பார்ப்பதில் நஷ்டமில்லை, சிலருக்கு அதிலேயே இறங்கி வருகிறார்கள்.

கம்பெனி பெயரில் வாங்கியவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. ‘வணிக நோக்கம், நீ நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2024 ஜூலையில் மெர்சிடிஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. நிர்வாக இயக்குநர் மாதிரி ஆட்கள் சொந்த உபயோகத்துக்கு ஓட்ட வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது. அந்தப் புகார் என்ன தெரியுமா? முன் சீட்டுகளுக்கு நடுவிலுள்ள மேடு தாங்க முடியாமல் சூடாகிறது.

அதே மாதம் இன்னொரு தீர்ப்பு. 2009 செப்டம்பர் 25-ல் ஒரு நிறுவனம் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் வாங்கியது. நாலாம் நாள் கோளாறு. நவம்பரில் மறுபடி. போலீஸில் புகார், எஃப்ஐஆர். 2012-ல் உயர் நீதிமன்றம் குற்ற வழக்கை ரத்து செய்து, புது வண்டி கொடு என்றது. கம்பெனி தயார் என்றது, வாங்கியவர் வண்டி வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றார். இழுத்து இழுத்து 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னது. பதினைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. நானாக இருந்தால் 2012-லேயே சாவியை வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,500 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஸ்கோடா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குற்றச்சாட்டு: ஒரிஜினல் பாகத்தையும் ஸ்கேனிங் கருவியையும் வெளிச்சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக்கூடாது, அந்த ரிப்பேரால் கெட்டதற்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. அபராதத்தை எதிர்த்து அப்பீல், கேஸ் என்று நீண்டது வேறு கதை. கவுன்டரில் நின்று இந்த உத்தரவைச் சொன்னால் அட்வைசர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, மெயிலில் சொல்லுங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு நான் தாராளமாக வெளியில்தான் போகிறேன். பிராண்டுக்கான ஸ்கேனிங் சாஃப்ட்வேர் வைத்துக்கொண்டு, பெரிய டீலரிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக ஷெட் போட்டவர்கள் நகரில் இருக்கிறார்கள், சுத்தமாக வேலை செய்கிறார்கள். ஆனால் பேட்டரி போன்ற அற்ப விஷயத்தில் ஏமாறாதீர்கள். இந்த வண்டிகளில் ஏஜிஎம் பேட்டரி. மாற்றினால் புது பேட்டரி என்று வண்டிக்குக் கம்ப்யூட்டர் மூலம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பழசுக்குப் போடுகிற மாதிரியே சார்ஜ் போட்டுப் புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும். பிள்ளைகள் அமெரிக்காவில், வண்டி போர்வைக்குள் என்றிருக்கிற மயிலாப்பூர் வீடுகளில் முதலில் சாவது இந்த பேட்டரிதான். ஒரு டிரிக்கிள் சார்ஜர் வாங்கிப் போட்டுவிட்டால் செலவு அதோடு போகும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா? டொயோட்டாவுக்கு வேண்டாம், ஜெர்மன் செடானுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எடுக்க வேண்டும், முடிந்துவிட்டால் பெரும்பாலும் கதவு சாத்தியாகிவிடும், இல்லை இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆரம்பிப்பார்கள். எடுக்கும் முன் எது எதற்கு இல்லை என்ற பக்கத்தை மட்டும் படியுங்கள், மற்ற பக்கமெல்லாம் போட்டோ. வாரண்டி முடிந்து கொஞ்ச நாளில் பெரிய பாகம் ஏதாவது போனால் ‘குட்வில்’ என்று கேட்டுப் பாருங்கள். எல்லா சர்வீஸும் அவர்களிடமே செய்திருந்தால் கம்பெனி பாக விலையில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. இது உரிமை அல்ல, எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும், வாயால் கேட்டால் “பார்க்கலாம் சார்”.

அடையாறில் இருக்கிற என் மச்சானுக்குப் போன வருஷம் வாரண்டி முடிகிற நேரம். ஒரு மாதம் முன்னாலேயே வண்டியைக் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி அடிவயிறு முழுக்கப் பார்த்து, கசிவு, விரிசல், ஃபால்ட் கோடு எல்லாம் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொன்னான். தனியாக இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் கேட்டார்கள், முணுமுணுக்காமல் கட்டினான். ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கில் லேசான கசிவு, கூலன்ட் டேங்கில் மயிரிழை விரிசல், முன்பக்க ஆர்மில் புஷ் கிழிந்திருந்தது. முதல் இரண்டும் வாரண்டியில் மாறின. புஷ்ஷைப் பார்த்துவிட்டு அட்வைசர், “இது வியர் அண்ட் டேர் சார், ரோடு அப்படி” என்றார். அந்த நேரத்தில் அவன் வாக்குவாதம் செய்யவில்லை, கார்டை ஸ்வைப் செய்துவிட்டு மூன்றையும் எழுதின ஜாப் கார்டின் நகல் எங்கே என்று கேட்டான்.